ஊட்டி கமர்சியல் ரோடு: யார் கட்டிய வீதி?

கேசினோ ஜங்ஷன் எழுதியது:

சென்னை அண்ணா சாலைக்கு வரலாறு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் ஊரின் பெரிய வீதிக்கு யாரும் இல்லை. சுற்றுலாக் கையேடுகளில் கமர்சியல் ரோடு என்றால் வர்க்கி, சாக்லேட், ஸ்வெட்டர், அவ்வளவுதான். சேரிங்கிராஸ் சந்திப்பில் ஆடம்ஸ் நீரூற்றின் பக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்த நீரூற்றின் கதையே வேடிக்கையானது. வில்லியம் பேட்ரிக் ஆடம் 1880 டிசம்பரில் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். 1881 மே மாதம் ஊட்டியில் இறந்துபோனார். மொத்தமே ஐந்து மாதம். அவர் நினைவாகக் கட்டிய நீரூற்று இன்றும் ஊரின் முகமாக நிற்கிறது. ஊரை உருவாக்கிய ஜான் சல்லிவனுக்கு அந்த வீதியில் அப்படி ஒன்றும் கிடையாது.

என் கேள்வி இதுதான். சேரிங்கிராஸில் தொடங்கி, காபி ஹவுஸ் தாண்டி, மார்க்கெட், மெயின் பஜார் வரை போகிற இந்த வீதியில் பழைய கட்டடம் என்று சொல்ல இப்போது எது மிச்சம்? எது யார் காலத்தில் வந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கோத்தகிரி வாத்தியார் எழுதியது:

தம்பி, முதலில் ஏரியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். வீதியைப் பார்த்தால் வீதி புரியாது.

சல்லிவன் கோவை கலெக்டர். 1819இல் மலைக்கு வந்தார். 1822இல் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். இன்று அரசு கலைக் கல்லூரி இருக்கிற இடம். அது தோடர்களின் நிலம். அடுத்து 1823இலிருந்து 1825க்குள் ஓடைகளுக்குக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். அந்த ஏரி இன்றைய ஏரியைவிட எவ்வளவோ பெரியது. இப்போதைய பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடம்.

ஆகவே கீழே ஏரி, மேலே மேடு. மேட்டில் தேவாலயம், கிளப், அலுவலகங்கள், பங்களாக்கள். ஏரிக்கும் மேட்டுக்கும் நடுவே மிஞ்சின சரிவில் பஜார். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடுகிற கோடுதான் கமர்சியல் ரோடு. அளவு போட்டு, மரம் நட்டு, திட்டமிட்டுப் போட்ட ராஜபாட்டை இது கிடையாது. மேட்டுக்காரர்களுக்குச் சாமான் வேண்டும், பஜார்காரர்களுக்கு வியாபாரம் வேண்டும். இரண்டு பேரும் சந்தித்த இடம் வீதியானது.

செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தைப் பாருங்கள். 1829 ஏப்ரல் 23இல் அடிக்கல், 1830 நவம்பரில் அர்ச்சிப்பு, 1831 ஈஸ்டரில் திறப்பு. கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். ஆளுநர் லஷிங்டன் காலம். உத்தரங்களுக்கான மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் மஹாலைப் பிரித்து எடுத்தது. தோற்ற மன்னரின் அரண்மனைக் கட்டையை மலையேற்றி, வென்றவர்கள் கோயில் கட்டினார்கள். மேட்டு ஊரின் மனநிலைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

---

ராயப்பேட்டை ரவுண்டானா எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், அம்மா வீடு வெலிங்டன். வாத்தியார் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கமர்சியல் ரோட்டை மவுண்ட் ரோட்டின் மலைக்கிளை என்றே சொல்லலாம்.

1870களிலிருந்து மாகாண அரசு கோடையில் ஊட்டிக்கு ஏறிவிடும். ஆளுநர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கோப்புக் கட்டுகள் எல்லாமே மலையில். சல்லிவனின் கல் பங்களாதான் கோடைத் தலைமைச் செயலகமாக இருந்தது. பக்கிங்ஹாம் பிரபு ஆளுநராக இருந்தபோது தாவரவியல் பூங்காவுக்கு மேலே அரசு மாளிகை எழுந்தது. அரசு ஏறினால் கடையும் ஏறும். மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் இங்கே கடை போட்டது. ஹிக்கின்பாதம்ஸ் வந்தது. மெட்ராஸ் வங்கி வந்தது. அதுவே 1921இல் இம்பீரியல் வங்கியோடு சேர்ந்து, 1955இல் ஸ்டேட் வங்கியாகி, பேங்க் ரோடு என்ற பெயரை விட்டுச்சென்றது.

இன்னொரு ஆளும் பொது: கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். மவுண்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸ் கட்டடம் அவர் வரைந்தது. ஊட்டியில் நீலகிரி நூலகம் அவருடையது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளிக் கட்டடமும் அவருடையதே. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸுக்குக் குவிமாடமும் வண்ணமும் போட்டு, இந்தியச் சாயல் கலந்த இந்தோ சாரசெனிக் பாணியில் கட்டிய அதே மனிதர், இங்கே நூலகத்துக்கு ஐரோப்பிய தேவாலயங்களில் இருப்பது போன்ற உயரமான கோதிக் ஜன்னல் வைக்கிறார். லவ்டேலில் இத்தாலி நாட்டு மணிக்கோபுரம் வைக்கிறார். கீழே இந்தியாவை ஆள்கிறோம் என்று காட்ட வேண்டும். மேலே இந்தியாவை மறக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவரே, விருப்பம் இரண்டு.

---

காந்தல் பையன் எழுதியது:

எல்லாம் சரி. இதுவரை வந்த மூன்று பதிவிலும் ஒரு கொத்தனார் இல்லை, ஒரு தச்சர் இல்லை, ஒரு மூட்டை தூக்குபவர் இல்லை. சிஷோம் வரைந்தார், அண்டர்வுட் கட்டினார். கல்லை யார் உடைத்தது? திப்பு அரண்மனை உத்தரத்தை மலை மேல் யார் இழுத்தது?

ஊட்டியில் எங்கள் காந்தல் பகுதியில் பாதி வீடுகளில் கேட்டால் தாத்தா சமவெளியிலிருந்து கட்டட வேலைக்கோ ரோடு வேலைக்கோ பங்களா வேலைக்கோ ஏறி வந்தவர் என்பார்கள். பங்களாவில் சமையல், தோட்டம், குதிரை லாயம், நகராட்சியில் துப்புரவு. இவர்களுக்கு மேட்டில் இடமில்லை. கமர்சியல் ரோட்டில் வேலை இருந்தது, வீடு கிடையாது. சாயந்திரம் ஆனால் இறங்கி காந்தலுக்குப் போக வேண்டும். நகராட்சி 1866இல் வந்தது. அதன் பிறகுதான் பஜாருக்கு வடிகாலும் விளக்கும் பற்றி யாராவது யோசித்தார்கள்.

---

கேசினோ ஜங்ஷன் எழுதியது:

காந்தல் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டடத்தைப் பேசினால் ஆளை மறந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. கட்டடத்திலேயே அந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைகளின் மாடியை அண்ணாந்து பாருங்கள். கீழே கண்ணாடியும் ஃபிளெக்ஸும் எல்.இ.டி. எழுத்தும் இருக்கும். மேலே இன்னும் சில இடங்களில் தகரக் கூரை, கூரை விளிம்பில் வெட்டு வேலை செய்த பலகை, சிறு கண்ணாடிகள் பதித்த மர ஜன்னல் தெரியும். இது சிஷோம் வேலை இல்லை. பெயர் தெரியாத தச்சர்களின் வேலை.

தகரம் ஏன் என்றால் காரணம் இருக்கிறது. ஓடு, சுண்ணாம்பு, இரும்பு எல்லாமே மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற வேண்டும். குன்னூர் மலைப்பாதையை லெ ஹார்டி 1832 வாக்கில் முடித்தார். அதன் பிறகும் நெடுங்காலம் மாட்டு வண்டிதான். ரயில் 1899இல் குன்னூர் வரை வந்தது. ஊட்டிக்கு 1908இல்தான் வந்தது. ஒரே எடைக்குத் தகரம் மூடுகிற பரப்பு ஓடு மூடுவதைவிட மிக அதிகம். சரிவாகப் போட்டால் ஆறு மாத மழை நிற்காமல் வழிந்துவிடும். கீழே பலகைக் கூரை ஒன்று அடித்தால் குளிர் இறங்காது. தரையும் மரப்பலகை, கல் மேடை மேல் சட்டம் வைத்து, அடியில் காற்று போக இடைவெளி விட்டு அடித்தது. ஈரம் ஏறாது. பழைய கடைக்குள் நடந்தால் டொக் டொக் என்று சத்தம் வருமே, அது இதனால்தான். இன்று அதே இடத்தில் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஜூலை மாதம் சுவர் வியர்க்கிறது, ஓனர் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார்.

---

தூனேரி எழுதியது:

இந்த இழையில் படுகர் யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கமர்சியல் ரோடு என்பது சந்தை முடிந்த பிறகு போகிற இடம். முதலில் மார்க்கெட். உருளைக்கிழங்கு, கோஸ், கேரட். பணம் கைக்கு வந்த பிறகு துணிக்கடை, நகைக்கடை, காபி. பல கடைக்காரர்கள் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு எங்களிடம் வியாபாரம் செய்தார்கள்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் வீதி புரியும். முன்பெல்லாம் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். விலை மண்டிக்காரர் சொல்வதுதான். 1935இல் எங்கள் படுகர் தலைவர் ஆரி கவுடர் முன்னின்று நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை ஆரம்பித்தார். என்.சி.எம்.எஸ். என்றால் ஊட்டியில் குழந்தைக்கும் தெரியும். விளைவித்தவன் ஏலத்தில் தன் மூட்டைக்கு என்ன விலை போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. ஆளுநர் குடும்பங்களை நம்பியிருந்த வீதி விவசாயிகளை நம்ப ஆரம்பித்த காலம் அதுதான் என்பேன்.

அப்புறம் 1961இல் உருளைக்கிழங்கில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலேயே முதலில் எங்கள் மலையில்தான். கிழங்கு போடத் தயங்கியவர்கள் மெல்லத் தேயிலைக்குப் போனார்கள். தேயிலைக்கு விலை இருந்த வருடங்களில் கமர்சியல் ரோட்டில் நகைக்கடைகளும் துணிக்கடைகளும் மாடி மேல் மாடி எழுப்பின. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. அதன் பிறகு அந்த வீதி எங்களைப் பார்த்து வியாபாரம் செய்வதில்லை, டூரிஸ்டைப் பார்த்துச் செய்கிறது. வரிசையாகச் சாக்லேட் கடை வந்தது இந்தக் காலத்தில்தான்.

---

கோத்தகிரி வாத்தியார் எழுதியது:

தூனேரி அம்மா எழுதியதுதான் இந்த இழையின் உயிர். இதோடு 1964 ஒப்பந்தத்தையும் சேர்க்க வேண்டும். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்பு அது டான்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறின. அவர்களின் பிள்ளைகள் இன்று பஜாரில் கடை வைத்திருக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், கமர்சியல் ரோட்டுத் துணிக்கடைகளில் நிற்கிறார்கள்.

நான் கோத்தகிரியில் பாடம் நடத்திய காலத்தில் மாவட்ட வரலாறு என்றாலே துரைமார் பட்டியல்தான்.

---

மலைரயில் எழுதியது:

ஹெச்.பி.எஃப். விட்டுப்போயிற்று. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். சம்பள நாள் மாலையில் கமர்சியல் ரோட்டில் நடக்க முடியாது என்று அப்பா சொல்வார். கருப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் என்று நாடு முழுக்கப் போயிற்று. டிஜிட்டல் வந்து, ஆலை படுத்து, கடைசியில் மூடியே விட்டார்கள். ஸ்டுடியோக்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

வர்க்கி பற்றி யாரும் எழுதமாட்டீர்களா?

---

காந்தல் பையன் எழுதியது:

வர்க்கிக்குத் தனி இழை போடுங்கள் அண்ணா, இங்கே ஆரம்பித்தால் மூன்று நாள் ஓடும்.

---

ஏழு ரோடு எழுதியது:

கொடைக்கானலிலிருந்து ஒரு எட்டிப் பார்வை. உங்களுக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் நாங்கள் தப்பித்தோம் என்றும் சொல்லலாம்.

எங்கள் ஊரை 1845இல் ஆரம்பித்தவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். உடம்பு தேறத்தான் வந்தார்கள். அரசு எங்கள் மலைக்கு மாற்றலாகி வந்ததே இல்லை. ஏரியை 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கினார். ஆனால் வண்டி ஏறுகிற நல்ல சாலை 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் வந்தது. அதுவரை பெரியகுளம் பக்கமிருந்து குதிரை, டோலி, நடை. சாமான் எல்லாம் கூலிகளின் தலையில். அப்படி இருக்கும்போது பெரிய கடைவீதி எங்கே எழும்? ஏழு ரோடு சந்திப்பும் பஜாரும் மோட்டார் வந்த பிறகு வளர்ந்தவை. உங்களுக்குச் செயலகம் ஒரு வீதியைக் கட்டிக் கொடுத்தது, எங்களுக்குப் பஸ் கட்டிக் கொடுத்தது.

---

ராயப்பேட்டை ரவுண்டானா எழுதியது:

கொடைக்கானல் நண்பர் சொன்னதைப் படித்ததும் தோன்றியது. ஊட்டியில் அரசு ஏறி வருவது சுதந்திரத்தோடு நின்றுபோனது. சீசன் மட்டும் நிற்கவில்லை. மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது, இன்றும் மே மாதம்தான். துரை இருந்த இடத்தில் டூரிஸ்ட். வீதியின் நாள்காட்டி மாறவே இல்லை. 2024 மே 7லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வாங்கி வருகிறோம், அதுதான் புதிது.

ஒரு சந்தேகம். அசெம்பிளி ரூம்ஸ் இந்த வீதிக் கணக்கில் வருமா?

---

கேசினோ ஜங்ஷன் எழுதியது:

அது கார்டன் ரோடு பக்கம், சேரிங்கிராஸிலிருந்து நடை தூரம். கணக்கில் சேர்க்கலாம். துரைமார் நாடகம் போட்டு நடனமாடிய கூடம். 1922 வாக்கில் ஆளுநரின் மனைவி லேடி வில்லிங்டன் அதை வாங்கி ஊருக்காக அறக்கட்டளையிடம் கொடுத்தார். அப்புறம் அது சினிமா கொட்டகையானது. மேட்டு ஊருக்கென்று கட்டியதில் பஜார் ஊர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த இடம் என்று பார்த்தால் அது பெரிய விஷயம்.

---

தூனேரி எழுதியது:

பஜார் ஊர் தனக்கென்று உண்டாக்கியதும் இருக்கிறதே. மாரியம்மன் கோயில். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே. மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கருவறையில். சித்திரை தேருக்கு முன்னால் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் உபயம். படுகருக்கு ஒரு நாள், ஆதி திராவிடருக்கு ஒரு நாள், தேவாங்கருக்கு, ஒக்கலிகருக்கு, மலையாளிகளுக்கு என்று போகும். ஊட்டி பஜாரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா, அந்த உபயப் பட்டியலைப் படித்தால் போதும். எந்த கெஜட்டியரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஒரே ஒரு குறை. இந்த ஊர் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்தத் தோடர்கள் கமர்சியல் ரோட்டில் பூத்துக்குளி என்கிற பூவேலைச் சால்வையாக மட்டும்தான் இருக்கிறார்கள். அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்லதுதான். ஆனால் கடையில் தொங்குகிற எல்லாமே தோடர் பெண்கள் கையால் தைத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

---

காந்தல் பையன் எழுதியது:

அக்கா சொன்னதுக்கு நூறு லைக்.

இன்னொன்று, தண்ணீர். கோடப்பமந்து கால்வாய் ஊருக்குள் ஓடி ஏரியில் போய் விழுகிறது. வீதியின் அழுக்கெல்லாம் அதில். மழை வலுத்தால் தாழ்வான இடமெல்லாம் தண்ணீர். வாத்தியார் முதல் பதிவில் சொன்ன ஏரியின் பழைய எல்லை எதுவோ அங்கேதான் வந்து நிற்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் தண்ணீர் நின்றால் எல்லாரும் நகராட்சியைத் திட்டுகிறோம். ஏரியைத் தூர்த்த இருநூறு வருஷத்தை யார் திட்டுவது?

---

மலைரயில் எழுதியது:

அப்படியென்றால் எதைக் காப்பாற்றுவது? நூலகம், தேவாலயம், நீரூற்று இவற்றுக்கு ஆள் இருக்கிறது. மாநிலத்தில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இலேயே நிறைவேறியது. பஜார் கடைகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லையே?

---

கேசினோ ஜங்ஷன் எழுதியது:

அதுதான் என் வயிற்றெரிச்சல். 1993 மலைப்பகுதிக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் வைத்தன. அதனால் கமர்சியல் ரோட்டில் பத்து மாடி எழவில்லை. விதி இல்லாவிட்டால் எழுந்திருக்கும், சந்தேகமே வேண்டாம். உயரம் கட்டுக்குள் இருக்கிறது, முகப்பு இல்லை. பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு அலுமினிய ஷீட் அடிக்க ஒரு இரவு போதும்.

கடைக்காரரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. தகரக் கூரை வருடா வருடம் பழுது பார்க்க வேண்டும். மரம் பார்க்கத் தெரிந்த தச்சர் கிடைப்பதில்லை. பழைய கடைகளில் பலவும் வாடகைக் கடை, வாடகைக்காரர் எதற்குச் செலவு செய்வார்? முகப்பை வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரியில் ஏதாவது சலுகை கொடுத்தால் பாதிப் பேர் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

---

கோத்தகிரி வாத்தியார் எழுதியது:

சலுகை வருவதற்குள் இருப்பதும் போய்விடும். முதலில் பதிவு செய்யுங்கள். இளைஞர்கள் கையில் போன் இருக்கிறது. மாடி முகப்பு, கூரைப் பலகை, மரப்படி, பழைய பெயர்ப்பலகை. கடைக்காரரிடம் கேட்டு, யார் காலத்தில் வந்தது, அதற்கு முன் அங்கே என்ன கடை, கட்டிய மேஸ்திரி யார் என்று இரண்டு வரி.

---

காந்தல் பையன் எழுதியது:

மேஸ்திரி பெயரை முதல் வரியில் போட்டால் நான் வருகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. மெயின் பஜார், லோயர் பஜார் என் பொறுப்பு. மேட்டுப் பக்கம் ரவுண்டானா அண்ணா லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

---

தூனேரி எழுதியது:

மார்க்கெட் உள்ளே நான் பார்க்கிறேன். கிழங்கு மண்டி வைத்திருந்த இரண்டு தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள், மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் பேசுவார்கள். படங்களை எல்லாரும் இதே இழையில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் காணாமல் போய்விடும்.